மெக்கானிக் அண்ணையிடம் கேளுங்கள்: ஒல் சீசன் இருக்க வின்ரர் ரயர் எதற்கு?

ஒக்ரோபர் பிறந்தால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி ரயரைப் பற்றித்தான். அதனால் இந்த மாதப் பக்கத்தை முழுக்க ரயருக்கே விட்டுவிட்டேன். பற்றரி, பிறேக் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே என் பதில் இருக்கிறது. முதலாவது பிரம்டன் தம்பி ஒருவரின் கேள்வி.

சென்னையிலிருந்து வந்து எனக்கு இது முதல் குளிர்காலம். பிரம்டனில் இருக்கிறேன். பழைய கொரோலா ஒன்று வாங்கினேன். அதில் ஆல் சீசன் டயர் நல்ல நிலைமையில் இருக்கிறது. கார் விற்றவர் "விண்டர் டயர் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். கூட வேலை செய்யும் நண்பர் "பெயரிலேயே ஆல் சீசன் என்று இருக்கிறது, எதற்கு வீண் செலவு?" என்கிறார். மிசிசாகாவில் வேர்ஹவுஸ் வேலை, இரவு ஷிஃப்ட். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, கார் விற்றவர் சொன்னதைக் கேளுங்கள். இந்த வசனத்தை நான் அடிக்கடி எழுதுவதில்லை.

முந்தி இந்தப் பக்கங்களில் கோடைக்கு ஒரு ரயர், குளிருக்குப் பின்சில்லில் தடித்த றப்பர்க் கட்டை வைத்த ஸ்னோ ரயர் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1977இல் குட்இயர் கொம்பனி 'ரியெம்போ' என்று ஒரு ரயரை விட்டது. வருடம் முழுக்க அதிலேயே ஓடலாம், கழற்றிப் பூட்டுகிற கரைச்சல் இல்லை என்றதும் சனம் விழுந்தடித்து வாங்கியது. மற்றக் கொம்பனிகளும் பின்னாலே வந்தன. ஜோர்ஜியாவிலும் வேர்ஜீனியாவிலும் இருக்கிறவருக்கு அந்த ரயர் வருடம் முழுக்கச் சரிதான். ஒன்ராறியோ ஜனவரியை அந்தப் பெயருக்குள் அடக்க ஏலாது.

காரணம் றப்பரில் இருக்கிறது. உங்கள் குசினியில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தால், நவம்பர் வந்ததும் பாருங்கள்: ஊரில் லேசில் கட்டிபடாத எண்ணெய் இங்கே கரண்டியால் தோண்டுகிற பதத்துக்கு வந்துவிடும். றப்பர் அப்படி ஒரேயடியாக உறைவதில்லை, ஆனால் குளிரக் குளிர இறுகிக்கொண்டே போகும். ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால், ஒல் சீசன் றப்பர் வீதியின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பிடிப்பது குறையத் தொடங்கும். கவனியுங்கள், பூச்சியம் இல்லை, 7. வீதியில் ஒரு துளி ஸ்னோ இல்லாமல், காய்ந்து கிடந்தாலும் இதே கதைதான். ரொறன்ரோப் பக்கம் நவம்பர் நடுப்பகுதி தொடங்கி ஏப்ரல் முற்பகுதி வரைக்கும் விடியப்புறம் அநேகமாக இந்தக் கணக்குக்குக் கீழேதான் நிற்கும். வின்ரர் ரயரின் றப்பர்க் கலவை வேறு. மைனஸ் 20இலும் இளக்கமாக இருக்கும்படி செய்தது.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு டிசம்பர்க் காலையில், இரவு முழுக்க வெளியே நின்ற இரண்டு கார்களின் ரயர்களைப் பெருவிரல் நகத்தால் அமத்திப் பாருங்கள். ஒல் சீசனில் நகம்தான் நோகும். வின்ரர் ரயரின் கட்டை கொஞ்சம் உள்வாங்கும். அந்தக் கட்டையைப் பக்கவாட்டில் நெம்பினால், மேலே நெளிநெளியாகக் கத்தியால் கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் வாய் திறப்பது தெரியும். அதைச் சைப் என்பார்கள். சில்லு உருளும்போது அந்த வெட்டுகள் ஒவ்வொன்றும் திறந்து, அதன் விளிம்புதான் ஐஸைக் கடிக்கிறது. கட்டைகளுக்கு நடுவில் ஓடுகிற அகன்ற தவாளிப்புக்கு, அதாவது பள்ளத்துக்கு, வேறு வேலை. அது ஸ்னோவை அள்ளித் தனக்குள்ளேயே இறுக்கி வைத்துக்கொள்ளும். றப்பர் ஸ்னோவைப் பிடிப்பதை விட ஸ்னோ ஸ்னோவை நன்றாகப் பிடிக்கும். ஸ்னோ நாளில் வின்ரர் ரயரின் தவாளிப்பு வெள்ளையாக நிரம்பியிருப்பதைப் பார்த்து "அடைச்சுப் போச்சு" என்று சிலர் சுரண்டுகிறார்கள். சுரண்ட வேண்டாம், அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் விசயத்தில் ரயரை விட முக்கியம் நீங்கள் வெளிக்கிடுகிற நேரம். இரவு பத்து மணிக்கு ஸ்னோ கொட்டத் தொடங்கினால் 401, 410 போன்ற பெருந்தெருக்களுக்கு முதலில் ஸ்னோ தள்ளுகிற பிளவ் வண்டி வரும், உப்பும் விழும். உங்கள் வீட்டு ஒழுங்கைக்கு அது வந்து சேர விடிந்துவிடும். மைனஸ் 15, 20 என்று போகிற இரவுகளில் சாதாரண உப்பும் சரியாக வேலை செய்யாது. பகல் ஒன்பது மணிக்குக் கந்தோர் போகிறவருக்குத் துப்புரவான வீதி கிடைக்கும். இரவு ஷிஃப்டுக்காரருக்கு அது கிடைப்பதில்லை. "வீட்டிலிருந்து வேலை, கார் வாரத்தில் ஒருநாள்தான்" என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

செலவைப் பற்றி: நாலு வின்ரர் ரயரை நாலு இரும்பு இறிம்மோடு வாங்கிவிடுங்கள். ரயரை மட்டும் வாங்கி வருடம் இரண்டுதரம் அதே இறிம்மில் கழற்றிக் கழற்றிப் போட்டால் கூலியும் கூட, ரயரின் ஓரமும் பழுதாகும். அழகான அலோய் இறிம்மை உப்புக்குக் கொடுக்கவும் தேவையில்லை. இறிம் 16 அங்குலம் என்றால் 15க்கு இறங்கலாமா என்று கேளுங்கள், சில்லுக்குள்ளே இருக்கிற பிறேக் கலிப்பரில் முட்டாவிட்டால் அது மலிவு. வின்ரர் ஓடுகிற மாதங்களில் ஒல் சீசன் கராஜில் தேயாமல் கிடக்கும், அதனால் ரயருக்கு இரட்டிப்புச் செலவு என்பது முழு உண்மை இல்லை. ஒன்ராறியோவில் 2016 ஜனவரி 1 முதல், வின்ரர் ரயர் போட்டவருக்குக் காப்புறுதிக் கொம்பனி கழிவு கொடுக்க வேண்டும் என்பது விதி. பெரிய தொகை இல்லை. ஆனால் நீங்களாக எடுத்துச் சொன்னால்தான் கிடைக்கும், பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அப்புறம் ஒன்று. முதல் ஸ்னோ விழுந்த அன்று வெறுமையான பார்க்கிங் ஒன்றுக்குப் போய், 20 கிலோமீற்றர் வேகத்தில் பிறேக்கை இறுக்கி அமத்துங்கள். பிறேக்கில் சில்லு பூட்டுப்பட்டு வழுக்காமல் தடுக்கிற ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பிறேக் பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று துடிக்கும். முதல்தரம் அனுபவிக்கிறவர்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக்கூடாது, அமத்தியபடியே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

நானும் மனுசியும் ஓய்வு பெற்றவர்கள், ஸ்காபரோ. கோவில், பிளாசா, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் தவிர வேறெங்கும் போவதில்லை. ஸ்னோ கொட்டினால் வீட்டில்தான். வருடம் இரண்டுதரம் ரயர் மாற்ற அலைய ஏலாது. 'ஒல் வெதர்' என்று ஒன்று இருக்கிறதாம். ஒல் சீசனுக்குத்தான் இன்னொரு பெயர் வைத்து விற்கிறார்களா?

ஐயா, உங்கள் சந்தேகம் நியாயமானது. பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு. கடைக்காரர் சொல்லும் பெயரை விட்டுவிட்டு, குனிந்து ரயரின் பக்கச் சுவரைப் பாருங்கள்.

அங்கே எம், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் கூட்டல் குறியோடு இருக்கலாம். சேற்றுக்கும் ஸ்னோவுக்கும் என்று அர்த்தம். தவாளிப்பின் வடிவத்தைப் பார்த்துக் கொம்பனியே போட்டுக்கொள்கிற குறி அது, யாரும் ஸ்னோவில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஒல் சீசன் ரயர்களில் இதுதான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள ஒரு மலை, அதற்குள்ளே ஒரு பனிப்பூ என்று சின்னம் இருந்தால் அது வேறு சாதி. ஒரு பொது மாதிரி ரயரோடு ஒப்பிட்டு, இறுகிய ஸ்னோவில் அதை விடக் குறைந்தது 10 வீதம் கூடுதலாக இழுத்துக் காட்டினால்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். 1999இல் வந்த ஏற்பாடு. அதே வருடம் ஜனவரியில்தான் ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ற்மன் ஸ்னோ அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டு நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. உங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும்.

ஒல் வெதர் ரயரில் மலைச் சின்னம் இருக்கும், வருடம் முழுக்கவும் பூட்டி வைக்கலாம். நொக்கியன், ரோயோ, மிஷலின் என்று பலரும் செய்கிறார்கள். சிலது விளம்பரத்தில் ஒல் சீசன் என்று வந்தாலும் மலைச் சின்னத்தோடு இருக்கும், அதனால்தான் பக்கச் சுவரைப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் எழுதியிருக்கிற ஓட்டத்துக்கு அதுவே போதும், யோசிக்காமல் போடுங்கள்.

குறையும் இருக்கிறது. அந்தப் பரிசோதனை ஸ்னோவில் இழுக்கிற சக்தியை அளக்கிறதே ஒழிய ஐஸில் நிற்கிற சக்தியை இல்லை. ஐஸில் நல்ல வின்ரர் ரயர் முந்தித்தான் நிற்கும். கோடையிலும் ஓடுவதால் ஒல் வெதர் கெதியாகத் தேயும், தேய்ந்த பிறகு சுவரில் சின்னம் மட்டும் புத்தம்புதிதாக நிற்கும். தவாளிப்பு ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்துவிட்டால் ஸ்னோ வீதிக்கு உதவாது என்று கனடியப் போக்குவரத்துத் திணைக்களமே சொல்கிறது. அளக்கிற கருவி சில டொலர்தான். ஒக்ரோபரில் ஒருதரம் நாலிலும் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் எந்தக் கராஜிலும் கேளுங்கள், இதற்குக் காசு வாங்குகிற கராஜுக்கு மறுபடி போகாதீர்கள்.

என்னுடையது நாலு சில்லும் இழுக்கிற எஸ்.யூ.வி. எனக்கும் வின்ரர் ரயர் தேவையா? (ஏஜக்ஸ்)

இழுக்கும்போதுதான் உங்கள் வண்டிக்கு நாலு சில்லு. நிற்பாட்டும்போது எல்லாக் காருக்கும் நாலு சில்லுதான். உங்களுடையது பாரமும் கூட. ஸ்னோவில் சுலபமாக வெளிக்கிட்டுப் போவதால் வீதி வழுக்குவது உங்களுக்குத் தெரிய வராது, முதல் சிவப்பு விளக்கில்தான் தெரியும். தேவை.

அண்ணை, இந்த வருடம் காசு கொஞ்சம் இறுக்கம். முன்சில்லுதானே காரை இழுக்கிறது? முன்னுக்கு இரண்டு வின்ரர் ரயர் மட்டும் போட்டுச் சமாளிக்கலாமா? தெரிந்த ஒருவர் பாவித்த ரயரும் மலிவாகத் தருகிறாராம். (மார்க்கம்)

இரண்டு மட்டும் வேண்டாம் தங்கச்சி. அதற்கு நாலும் ஒல் சீசனாக இருந்து மெதுவாக ஓடுவது பாதுகாப்பு. ஏனென்று சொல்கிறேன். பெருந்தெருவிலிருந்து இறங்குகிற வளைவில் வருகிறீர்கள், பிறேக்கைத் தொடுகிறீர்கள். முன்சில்லு இரண்டும் வீதியைக் கவ்வும். பாரமும் முன்னுக்குச் சாயும். பின்னுக்கு இருக்கிற ஒல் சீசன் இரண்டுக்கும் பிடி இல்லை, பாரமும் இல்லை. கார் தன் மூக்கைச் சுற்றிப் பின்பக்கத்தை வீசும். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் பெரும்பாலும் சரிவரும். பின்பக்கம் வெளிக்கிட்டால் பழகிய சாரதிக்கும் பிடிப்பது கஷ்டம். முன்னுக்கு நல்ல ரயர் இருப்பதால் "எல்லாம் சரியாகத்தானே போகுது" என்று நீங்கள் வேகமாகவும் ஓடியிருப்பீர்கள். போட்டால் நாலும் ஒரே வகை, ஒரே அளவு.

பாவித்த ரயர் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் வடிவாகப் பார்த்து வாங்க வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்குகிற ஒரு நீள எண் இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம் பிறந்த திகதி: 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. ஒரு பக்கச் சுவரில் நாலு இலக்கமும் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும், திருப்பிப் பாருங்கள். வின்ரர் ரயர் ஆறு வயதைத் தாண்டினால் கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். றப்பர் இருந்தே இறுகிவிடும், இளக்கத்துக்குத்தானே காசு கொடுக்கிறோம். பிறகு உட்பக்கத்தைக் கையால் தடவுங்கள். பஞ்சர் ஒட்டு ஓடுபாதை நடுவில் இருந்தால் பரவாயில்லை. ஓரத்திலோ பக்கச் சுவரிலோ ஒட்டோ வீக்கமோ இருந்தால் சும்மா தந்தாலும் எடுக்க வேண்டாம். இரண்டு ஒரு வருடமும் மற்ற இரண்டு இன்னொரு வருடமும் என்றால் அது செட் இல்லை, எங்கேயோ மிஞ்சினது.

மகள் மொன்றியலில் படிக்கிறாள். நத்தாருக்குக் காரில் போக இருக்கிறோம். கியூபெக்கில் வின்ரர் ரயர் இல்லாவிட்டால் தண்டமாமே?

அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிவு செய்த வாகனங்களுக்கு. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னம் உள்ள ரயர் கட்டாயம். ஒல் வெதரும் செல்லும், வெறும் ஒல் சீசன் செல்லாது. 2008இல் சட்டம் வந்தபோது டிசம்பர் 15 என்று இருந்தது, 2019இல் இரண்டு கிழமை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். தண்டம் 200 டொலரிலிருந்து. உங்கள் ஒன்ராறியோ இலக்கத்தகட்டுக்கு அது இல்லை. மகள் அங்கே கார் வாங்கிப் பதிந்தால் அவளுக்கு உண்டு.

தண்டம் இல்லை என்பதற்காக ஒல் சீசனில் வெளிக்கிடாதீர்கள். ஒரு பக்கத்துக்கே 500 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், ரொறன்ரோவில் வெயில் எறிக்கும்போது கிங்ஸ்ரனுக்கு அப்பால் கண் தெரியாமல் கொட்டிக்கொண்டிருக்கும். வின்ரர் ரயர் இல்லாவிட்டால் றெயினில் போங்கள்.

வின்ரர் ரயர் கடைசிக் காலத்தில் இருக்கிறது. கோடையிலும் ஓட்டித் தேய்த்து முடித்துவிடலாமா?

பலர் செய்கிறார்கள். ஜூலை வெயிலில் அந்த இளக்கமான றப்பர் இன்னும் இளகும். பிறேக் பிடித்தால் தள்ளி நிற்கும், வளைவில் கார் ஆடும், பெற்றோலும் கூடக் குடிக்கும். மழையில் இன்னும் மோசம். ஏப்ரலில் கழற்றி எறிந்துவிடுங்கள்.

குளிர் தொடங்கியதும் ரயர்ப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் ஒன்றுமில்லை என்கிறார்கள். அடுத்த நாள் காலை மறுபடி எரிகிறது.

உங்கள் கராஜ்காரர் பொய் சொல்லவில்லை. வெப்பநிலை ஐந்தாறு பாகை குறைந்தால் ரயரில் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) காற்று குறையும். செப்ரெம்பரில் 20 பாகையில் அடித்த காற்று, மைனஸ் 10 காலையில் ஐந்து பி.எஸ்.ஐ. குறைவாக நிற்கும். ஓட ஓட ரயர் சூடாகி அளவு ஏறும், கராஜுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு அணைந்துவிடும். அதனால் காலையில், கார் ஓடுவதற்கு முதல் அளந்து அடியுங்கள். எவ்வளவு என்பது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ரயரின் சுவரில் இருக்கிறது உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்க வேண்டாம். நைதரசன் அடித்தால் விளக்கு எரியாது என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். குளிரில் நைதரசனும் சுருங்கும்.

வின்ரர் இறிம்முக்குக் காற்றை அளக்கிற சென்சர் வாங்காமல் விட்டவர்களுக்கு விளக்கு ஏப்ரல் வரைக்கும் எரிந்தபடிதான் இருக்கும். அப்படியானால் இரண்டு கிழமைக்கு ஒருதரம் கையால் அளக்கிற பழக்கம் வேண்டும்.

மாற்றிக் கழற்றிய ரயரை எப்படி வைப்பது? நானே வீட்டில் மாற்றுகிறேன்.

இறிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்குங்கள். இறிம் இல்லாவிட்டால் நிமிர்த்தி நிறுத்தி, மாதம் ஒருதரம் கொஞ்சம் உருட்டி விடுங்கள். கழுவிக் காயவைத்துப் பையில் கட்டுங்கள், உப்போடு கட்டி வைக்கக்கூடாது. வெயில் படாத இடம் வேண்டும். பேஸ்மென்ற் என்றால் ஃபர்னஸ் பக்கம் வேண்டாம், மோட்டர் ஓடும் இடத்தில் உண்டாகும் ஓசோன் றப்பரை வெடிக்க வைக்கும்.

நீங்களே மாற்றுகிறீர்கள் என்பதால் இன்னொன்று: நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக நட்சத்திர ஒழுங்கில், இறுக்கத்தை அளக்கிற ரோர்க் றென்ச்சால், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். காலால் ஏறி மிதிப்பது அளவு இல்லை. ஒரு நூறு கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி பிடித்துப் பாருங்கள், இரும்பு இறிம்மில் அநேகமாக ஏதாவது ஒன்று கொஞ்சம் திரும்பும். கழற்றும்போதே ஒவ்வொரு ரயரிலும் முன் இடது, பின் வலது என்று சோக்கட்டியால் எழுதி விடுங்கள். அடுத்தமுறை முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் பூட்டலாம்.